ஓசூரில் ஒரு ஸ்வெட்டர், இங்கிலாந்துக்கு ஒரு யோசனை

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோயிலோ குளிரோ அல்ல, என் வாய்தான். பொங்கல் முடிந்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். இங்கிலாந்து கால்பந்து வீரர்கள் சொந்த லீக்கிலேயே சுற்றிச் சுற்றி ஆடுவதை விட்டுவிட்டு ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி என்று வெளியே போய் ஆடினால்தான் உருப்படுவார்கள் என்பது அதன் சாரம். யாரும் கேட்கவில்லை. ஆனால் யாரும் கேட்காததைச் சொல்வதில்தான் எனக்கு ஐம்பத்தோரு வருட அனுபவம்.

முதல் பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான் இருந்தோம். ஆனாலும் குழுவில்தான் போட்டாள்: "கோயம்புத்தூருக்கு ரெண்டு நாள் போறதுக்கே பருப்புப் பொடி டப்பாவோட கெளம்புற மனுசன் சொல்றாரு, எல்லாரும் கேட்டுக்கங்க." சித்தி, அத்தை, அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி என்று வரிசையாகச் சிரித்த முகங்களை வைத்தார்கள்.

ஒருவன் மட்டும் சிரிக்காமல் போன் செய்தான். என் மனைவியின் தம்பி சேகர். மானாமதுரைக்காரன். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அதைவிட முக்கியமாக, அவனே சொல்லிக்கொள்வதுபோல, அந்தத் தொழிற்சாலைக் கால்பந்து அணிக்கு மேனேஜர்.

"மாமா, அந்த இங்கிலீஷ்காரன் மேட்டரு நல்லா எழுதியிருந்தீங்க. அத அப்படியே தலைகீழாப் பேச முடியுமா?"

விஷயம் இதுதான். அவன் அணியில் மஞ்சு என்றொரு பையன். முழுப்பெயர் மஞ்சுநாத், வயது இருபத்து மூன்று, இடது ஓரத்தில் ஆடுபவன். ஜவளகிரிப் பக்கம் சொந்த ஊர். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, வேலையில் தமிழ். தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆளாக இருக்கிறான். அடுத்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவன் பெயர் வருவதற்காக சேகர் மேலே பேசி வைத்திருக்கிறான். இந்த நேரம் பார்த்து ஷில்லாங்கில் ஒரு கிளப் ஒரு சீசனுக்கு ஆட வா என்று கூப்பிட்டிருக்கிறது. தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். ஞாயிறு ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் நிரந்தர வேலைக்கான வரிசையில் இடம் போய்விடும். போகாவிட்டால் இப்படி ஒரு அழைப்பு இன்னொரு முறை வருமா என்று யாருக்கும் தெரியாது.

"அவன் எடக்காப் பேசுறான் மாமா. உங்களமாதிரி வயசான ஆளு சொன்னாக் கேப்பான்."

வயசான ஆள் என்றதில் கோபம் வந்தது. இரண்டு வேளையும் மட்டன் என்றதில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து ஏறினேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சூளகிரி வழி, ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர். பத்து மணிக்கு ஓசூரில் இறக்கிவிட்டார்கள். வலது பக்க ஜன்னல் வேண்டாம், கிருஷ்ணகிரி தாண்டும்வரை வெயில் முகத்தில் அடிக்கும். கிருஷ்ணகிரியில் பத்து நிமிடம் நிற்கும், அந்தப் பத்து நிமிடத்தை நம்பி சிற்றுண்டிக்கு உட்காராதீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பாதி இட்லியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். என் கட்சி எளிமையானது. இங்கிலாந்து லீக்கில் பணம் கொட்டுகிறது. உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்களும் நல்ல பயிற்சியாளர்களும் அங்கே வந்து சேர்கிறார்கள். அதனால் இங்கிலாந்துப் பையனுக்கு வெளியே போக ஒரு காரணமும் இல்லை. பிரேசில்காரனும் செனகல்காரனும் சின்ன வயதிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு பாஷை தெரியாத ஊரில் இறங்கி, குளிரில் நடுங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அதற்குப் பிறகு ஆட்டக்காரன் ஆகிறான். இத்தாலிக்குப் போனால் தற்காப்பு என்றால் என்ன என்று தெரியும். ஸ்பெயினுக்குப் போனால் பந்தை வைத்துக்கொண்டு பொறுமையாக இருக்கத் தெரியும். இங்கிலாந்துப் பையனுக்கோ வாரா வாரம் அதே வேகம், அதே மழை, அதே கூச்சல்.

இதைத் தலைகீழாகப் பேச வேண்டும். மட்டனுக்காக.

ஓசூரில் இறங்கியதும் முதலில் தாக்கியது குளிர். சேலத்துச் சட்டையோடு நின்றவனைப் பார்த்து சேகர் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தான். தடிமனானது, முழங்கையில் தோல் ஒட்டு போட்டது. போட்டால் கரடிக்கு மருமகன் மாதிரி இருந்தேன். மானாமதுரையிலிருந்து வேலைக்கு வந்த முதல் மார்கழியில், இங்கே சாலையோரம் கடை விரித்திருந்த திபெத்துக்காரர்களிடம் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். "ஒன்னையும் தொலைக்காதவன் மாமா நான், பத்திரமாக் குடுத்துரணும்" என்றான்.

மதியம் அவன் ஷிப்டுக்குப் போனதும், நகரப் பேருந்தில் அத்திப்பள்ளி வரை போய் வந்தேன். எட்டு கிலோமீட்டர்தான். கர்நாடக எல்லையைத் தாண்டி அங்கே ஒரு டீ, திரும்பி வந்து இந்தப் பக்கம் ஜூஜூவாடியில் ஒரு டீ. இரண்டுக்கும் சர்க்கரை ஒன்றுதான். பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது, கண்டக்டர் அதே மூச்சில் மூன்று பாஷையில் சில்லறை கேட்கிறார். வெளிநாடு பார்த்த திருப்தியோடு திரும்பினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் சேகர் தன் வாதத்தை வைத்தான். எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாலும் கனமான வாதம்.

"மாமா, நீங்க சொன்ன இங்கிலீஷ்காரனுக்கும் இவனுக்கும் வித்தியாசமே இல்ல. உலகமே அவன் வாசல்ல வந்து ஆடுது, அவன் எதுக்கு வெளிய போகணும்? இங்க பாருங்க. என் டீம்ல கோல் கீப்பர் தென்காசி. ரெண்டு பேரு புதுக்கோட்டை. ஒருத்தன் ஒடிசா. நானு மானாமதுரை. நாங்க பூராம் சோத்துக்கு இங்க வந்து கெடக்கோம். இவனுக்கு வேலையும் வீடும் ஆத்தா கையால களியும் இங்கயே இருக்கு. இவன் எந்திரிச்சு ஷில்லாங் போறேங்குறான்!"

நான் தட்டைப் பார்த்தேன். பதில் ஒன்று தொண்டை வரை வந்தது. அதற்குள் இன்னொரு கரண்டி வைத்தான். விழுங்கிவிட்டேன்.

சனிக்கிழமை சேகரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு தளி வழியாக ஜவளகிரிக்குப் போனேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், மெதுவாகப் போனால் ஒரு மணி நேரம் பத்து நிமிடம். தளி வரை ரோஜாக் கூடாரங்களும் தக்காளியும் முட்டைக்கோஸும். அதற்கப்புறம் காடு நெருங்கி வருகிறது. பெட்ரோல் ஓசூரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள், தன் வழியை நீங்கள் மறிக்கிறீர்கள் என்று யானை புரிந்துகொள்ளுமே தவிர, நீங்கள் சுற்றுலாப் பயணி என்று புரிந்துகொள்ளாது.

மஞ்சு பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தான், சேகர் போனில் காட்டிய அதே முகம். ஒல்லி, உயரம், பேசும்போது தரையைப் பார்ப்பவன். பார்த்ததும் கேட்டான்.

"சேகரண்ணன் அனுப்பிச்சாரா சார்?"

"சேச்சே. நான் சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தேன்."

"அவுரு ஸ்வெட்டர போட்டுகினு வந்திருக்கீங்க."

உளவுத்துறையில் எனக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்பது அன்று விளங்கியது. வேறு வழியில்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தேன். இங்கிலாந்து வீரர்களை இழுத்தேன். வெளியே போனவர்களில் எத்தனை பேர் மூன்றாவது மாதமே வீட்டு ஏக்கத்தில் திரும்பினார்கள், பாஷை தெரியாமல் பயிற்சியாளர் இடது என்றால் வலது ஓடினார்கள், கண்ணிலிருந்து மறைந்ததும் தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் எப்படி மறந்தார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். மட்டன் என்னை நன்றாகவே பேச வைத்தது.

அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப யாரும் போவக்கூடாதா சார்?" என்றான்.

"அப்படியில்ல. சின்னப் பசங்க சில பேரு, ஊர்ல பெஞ்சுல உக்காந்திருந்தவங்க, ஜெர்மனிக்குப் போயி வாரா வாரம் ஆடி, பெரிய ஆளாயிருக்காங்க."

"அப்ப போவலாம்."

"போகலாம். ஆனா..."

"சார், நீங்க எந்தக் கட்சி?"

சிரித்தானா என்று தெரியவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே பேசினான். "அங்க களி கெடைக்காது, குளுரும், அது பரவால்ல சார். பயம் வேற. இங்க நான் கையத் தூக்குனா பந்து வந்துடுது. பன்னெண்டு வயசுலருந்து கூட ஆடுற எங்கூரு பசங்களும் டீம்ல இருக்காங்க, சேகரண்ணனும் எல்லாத்துக்கும் 'மஞ்சுவுக்குக் குடு, மஞ்சுவுக்குக் குடு'ன்னு கத்தினே இருப்பாரு. அங்க யாரு குடுப்பா? நான் நல்லா ஆடுறனா, இவங்க என்ன நல்லா ஆட வெக்கறாங்களான்னே தெரியல."

அவன் வீட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பருப்புப் பொடி டப்பாவை வெளியே எடுக்காமலே திரும்பினேன். திருமணமான நாளிலிருந்து இதுவே முதல் முறை.

ராத்திரி சேகரிடம் மஞ்சு சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். என் தோல்வியை மறைக்கத்தான். அவன் முகம் மலர்ந்தது. "அப்படியா சொன்னான்? அப்ப நாளைக்கு நான் பாத்துக்குறேன்" என்றான். எனக்குத் தூக்கம் வந்ததால் எதைப் பார்த்துக்கொள்கிறான் என்று கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அணி மொத்தமும் ஒரு வேனில் ஏறியது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து காவேரிப்பட்டினம் பன்னிரண்டு. வேனில் தென்காசியும் புதுக்கோட்டையும் ஒடிசாவும் ஜவளகிரியும் ஒரே பாட்டைப் பாடின, தலைக்கு ஒரு பாஷையில். நீங்கள் பேருந்தில் போவதானால் கிருஷ்ணகிரியில் மாறிக்கொள்ளலாம், காத்திருக்க வேண்டியிருக்காது.

தென்பெண்ணை ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மைதானம். புல் பாதி, மண் பாதி. பொங்கல் கோப்பைக்கான ஆட்டம் என்றாலும், சேகர் அணி ஏற்கெனவே இறுதிக்குப் போய்விட்டது, காவேரிப்பட்டினம் வெளியேறிவிட்டது. அட்டவணையில் இருப்பதால் ஆட வேண்டிய ஆட்டம். அதிலும் அன்று முகூர்த்த நாள். காவேரிப்பட்டினத்துப் பையன்கள் இரண்டு பேர் பந்தியில் இருந்தார்கள். வந்தது பத்துப் பேர்.

இந்தப் பக்கத்துப் போட்டிகளில் இதற்கொரு வழக்கம் இருக்கிறது. ஒரு அணிக்கு ஆள் குறைந்தால் எதிரணி ஓர் ஆளை அன்றைக்கு மட்டும் கொடுக்கும். இல்லாவிட்டால் வந்த கூட்டத்துக்கு மரியாதை இல்லை. கொடுப்பது எப்போதும் தொப்பை வைத்த ஆளைத்தான், ஓடச் சொன்னால் ஷூ கயிறு கட்டும் ஆளைத்தான். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

சேகர் எழுந்து, "மஞ்சு, நீ போ" என்றான்.

காவேரிப்பட்டினம் கேப்டன் குமரேசன், மாங்காய் மண்டி வைத்திருப்பவர், நாற்பதை நெருங்குகிறவர், சேகரை நம்பாமல் பார்த்தார். "நெசமாவா சொல்ற? அப்பறம் அழுவக் கூடாது."

சேகர் என் பக்கம் குனிந்து காதில் சொன்னான். "பாத்துக்கிட்டே இருங்க மாமா. வேத்து ஆளுக மத்தியில ஒரு மணி நேரம் நின்னாத் தெரியும். அங்கன ஒரு பய பாஸ் குடுக்க மாட்டான். சாயங்காலம் இவனே வந்து அண்ணே நான் போகலம்பான்."

முதல் பாதி சேகர் சொன்னபடியே நடந்தது. மஞ்சு இடது ஓரத்தில் நின்று கையைத் தூக்கினான். யாரும் பார்க்கவில்லை. மறுபடி தூக்கினான். பந்து வலது பக்கமே போனது. எங்கள் தென்காசி கோல் கீப்பர் சும்மா நின்றபடி, "ஏலே மஞ்சு, பஸ்ஸுக்கு நிக்கியா?" என்று கத்தினான். வேன் மொத்தமும் சிரித்தது. சேகர் தொடையைத் தட்டிச் சிரித்தான். எங்கள் அணி ஒரு கோல் போட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இங்கிலாந்துப் பையனை டிவியில் பார்த்து எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன், அவன் தாயார் அரங்கத்தில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

இடைவேளையில் மஞ்சு எங்கள் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தான். குமரேசன் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"தம்பி, அந்தத் தண்ணி அவங்களுது. இங்க வா. பந்து வேணும்னா நீ வந்து எடுக்கணும், கையத் தூக்கினு நின்னா நாங்க தட்டுல வெச்சுக் குடுப்பமா? எங்களுக்கு நீ யாருன்னே தெரியாது."

மஞ்சு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பாதியில் அவன் கையைத் தூக்கவே இல்லை. முதல் ஐந்து நிமிடம் மைதானத்தின் நடுவுக்கு வந்தான், காலில் மிதி வாங்கினான், எழுந்தான். பிறகு தன் கோல் வரைக்கும் பின்னால் ஓடி, பன்னிரண்டு வயதிலிருந்து கூட ஆடுகிற நண்பனின் காலிலிருந்தே பந்தைப் பறித்தான். கத்த ஆரம்பித்தான். அந்தத் தரை பார்க்கும் பையன் "இங்க, இங்க, திரும்பு, வுடு" என்று பெயர் தெரியாத ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, பாதி மைதானம் ஓடி, தானே அடிக்கக்கூடிய இடத்திலிருந்து, மூச்சிரைத்து வந்துகொண்டிருந்த குமரேசனுக்குத் தள்ளிவிட்டான். குமரேசன் அடித்தார். அடித்த பிறகு அவர் செய்த நடனத்தைப் பற்றி எழுதுவது மண்டித் தொழிலுக்கு நல்லதல்ல.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது.

நான் சேகரைப் பார்த்தேன். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாலு வருசமா நான் வச்சிருக்கேன் மாமா. ஒரு நா எனக்கு இப்படி ஆடுனதில்லயே இந்தப் பய."

திரும்பும் வேனில் பாட்டு இல்லை. சூளகிரி தாண்டியதும் மஞ்சு என் பக்கத்து இருக்கைக்கு வந்தான். முட்டியில் காய்ந்த ரத்தம்.

"சார், வெளிய போன இங்கிலீஷ்காரங்க திரும்பி வந்தா, பழைய எடம் இருந்துதா?"

முன் இருக்கையில் சேகரின் தலை அசையாமல் இருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

"சில பேருக்கு இருந்துது. சில பேருக்கு இல்ல."

"உங்களுக்கு எது சரின்னு படுது?"

இரண்டு நாளாகத் தின்ற மட்டன் அத்தனையும் வயிற்றிலிருந்து என்னைப் பார்த்தது. "போனவன் எல்லாம் பெரிய ஆளாகல மஞ்சு. ஆனா தன் ஆட்டத்துல எது தன்னோடது, எது கூட ஆடுறவங்க குடுத்ததுன்னு போனவனுக்குத் தெரிஞ்சுது. அது தெரியணும்னா போகணும். தெரியாமலும் நல்லா வாழலாம்."

அவன் போனை எடுத்தான். பிறகு ஏதோ தட்டி அனுப்பினான். "சொல்லிட்டேன் சார், வர்றேன்னு" என்றான். எனக்குச் சொன்னது மாதிரி இல்லை, முன் இருக்கைக்குச் சொன்னது மாதிரி இருந்தது.

சேகர் திரும்பாமலே பேசினான். "பர்மனென்ட் லிஸ்டுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது. சொல்லிப்புட்டேன்."

"தெரியும்ணா."

"பைனல் ஆடிட்டுப் போறியா?"

"அதுக்கப்பறந்தாண்ணா டிக்கெட்டு."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. ஓசூர் வரும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான், என்னைத் தெரிந்தவர்கள் நம்ப வேண்டும்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஓசூருக்கு இரண்டு முழு நாள் போதும். ஜவளகிரிப் பக்கம் வார நாளில் போனால் சாலை காலியாக இருக்கும், காட்டுக்குள் அனுமதியில்லாமல் இறங்க வேண்டாம். காவேரிப்பட்டினத்துக்கு மாம்பழக் காலத்தில் போங்கள், குமரேசன் மாதிரி யாராவது ஒரு பழத்தை அறுத்து நீட்டாமல் விடமாட்டார்கள். களி கொடுத்தால் மெல்லாமல் விழுங்க வேண்டும், நான் மென்றதை மஞ்சுவின் வீட்டார் நாகரிகமாகப் பார்க்காதது போல இருந்தார்கள். இங்கிலாந்து வீரர்கள் பற்றிய என் கருத்து மாறவில்லை, போகலாம் என்றுதான் இன்னும் சொல்வேன். ஆனால் சோபாவில் உட்கார்ந்து 'போடா' என்று கத்தும்போது, அவனுக்காக வேறு யாரோ மேலே பேசி வைத்த ஒரு வேலை, 'அவனுக்குக் குடு' என்று நாலு வருடம் கத்திய ஒரு தொண்டை, இவையெல்லாம் கூடவே நினைவுக்கு வரும். ஓசூரில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் அப்படி எங்கிருந்தோ கிளம்பி வந்தவர்கள்தான். அவர்களிடம் கேட்டால் போனது லாபமா நஷ்டமா என்று சொல்ல மாட்டார்கள், குளிர் பழகிவிட்டது என்பார்கள்.

தை மாதம் போனால் கட்டாயம் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். திங்கள் காலை ஆறு மணிக்கு சேகர் என்னை ஓசூர் பேருந்து நிலையத்தில் விட்டான். பனி இறங்கிக்கொண்டிருந்தது. சேலம் பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் படியில் ஏறியவனைப் பிடித்து நிறுத்தினான்.

"மாமா, ஸ்வெட்டரக் கழட்டுங்க."

"டேய், கிருஷ்ணகிரி வரைக்கும் குளிரும்டா. சேலம் போயி கூரியர்ல அனுப்புறேன்."

"நீங்க நடுங்கிக்கிட்டே போங்க. ஷில்லாங்குல இதவிடக் குளிருமாம். அந்தப் பயட்ட ஒன்னும் கெடையாது."